நீர்க்காத துளி

என் மாமாவின் வலது காலைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வரி. ‘நோயாளியிடமிருந்து எடுத்த கிருமி, எங்கள் கையிருப்பில் உள்ள பதினான்காம் எண் வைரஸால் அழிகிறது.’ அதற்குக் கீழே ஹஸீனா என்று என் பெயர், பதவி, தேதி. அந்த வரியை நம்பித்தான் ஓர் அறுவை மருத்துவர் ஒதுங்கி நின்றார். நான் பொய் எழுதவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். பார்க்க வேண்டியதில் பாதியைப் பார்க்காமல் எழுதினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமாவின் பெயர் அப்துல் முத்தலிப். என் உம்மாவின் தம்பி. அறுபத்திரண்டு வயது, அதில் இருபத்தெட்டு வருடம் டாக்ஸியில் கழிந்தது. மாமி தவறிய பிறகு தோ பாயோ வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகள் நூருன்னிசா திருமணமாகி, இந்தத் தீவின் கிழக்குக் கோடியான தெம்பனிஸில் இருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் வந்து ஃபிரிட்ஜை நிரப்பிவிட்டு, போன வாரம் வைத்தது ஏன் அப்படியே இருக்கிறது என்று சண்டை போட்டுவிட்டுப் போவாள்.

மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. புதுச் செருப்பு கடித்த புண்ணை மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல், பவுடர் போட்டு, சாக்ஸ் மாட்டி, வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் உட்கார்ந்த ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி வழியில் இறங்கிய அன்றைக்குத்தான் மருத்துவமனைக்குப் போனார். அதற்குள் இரண்டு விரல்கள் கறுத்து, கிருமி எலும்புவரை இறங்கியிருந்தது. கிளெப்சியெல்லா என்ற கிருமி, அதிலும் எந்த மருந்துக்கும் மசியாத வகை.

அறுவை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். பாதத்தின் முன்பகுதியை விரல்களோடு எடுத்துவிடலாம், குதிகால் மிஞ்சும். அதற்கென்று செய்த காலணியைப் போட்டு நடக்கலாம். தொழுகையில் நிற்கலாம். எல்லாம் சரியாக அமைந்தால் வண்டிகூட ஓட்டலாம். மாமா முக்கால்வாசி சம்மதித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு. பேஜ் என்று பெயர். மனிதனை ஒன்றும் செய்யாது, பாக்டீரியாவை மட்டும் கொல்லும். மருந்துக்கு அடங்காத கிருமியிடம் இதை ஏவிவிட்டுப் பார்க்கும் வைத்தியம் இங்கேயும் அபூர்வமாக, தனி அனுமதி வாங்கி நடக்கிறது. என் வேலை அந்த வைரஸ்களிடமிருந்து பாக்டீரியா எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று ஆராய்வது. பதினேழு வருடமாக அதைத்தான் செய்கிறேன். திரும்பவும் சொல்கிறேன், பாக்டீரியா எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதை. நினைத்தாலே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

“மாமா, அந்த வைரஸ் இருக்குல்ல, அது கிருமிக்குள்ள எறங்கி, நூறு குட்டி போட்டு, கிருமிய ஒடச்சிட்டு வெளிய வரும். வந்து அடுத்தத புடிக்கும். மத்த மருந்து போகப் போகக் கொறையும், இது போகப் போகக் கூடும்” என்றேன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. கையை வேறு ஆட்டி ஆட்டிப் பேசினேன்.

“அப்ப வெட்ட வேணாமா புள்ள?”

“வேணாம்னுதான் நெனைக்கிறேன்.”

அதில் ‘நெனைக்கிறேன்’ என்பது அவர் காதில் விழவில்லை. நானும் அழுத்திச் சொல்லவில்லை.

தொற்றுநோய் மருத்துவர் ரகுபதி நல்ல மனிதர், எதையும் தள்ளிவிடாமல் கேட்பார். மாமா இந்த வைத்தியத்தைப் பற்றிக் கேட்டதும், “ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்” என்று மாமாவின் கிருமியை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். மாதிரி பெயரில்லாமல் எண்ணோடுதான் வரும். அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியும். இது என் சொந்த மாமா, வேறு யாராவது பார்க்கட்டும் என்று அப்போதே விலகியிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத் தலைவர் வெளிநாட்டில் இருந்தார். கேட்பதற்கு ஆள் இல்லை, நானும் சொல்லவில்லை.

செய்முறை எளிதுதான். வட்டத் தட்டில் கிருமியை மெல்லிய பாயாக வளரவிட்டு, அதன்மேல் வைரஸைச் சொட்டுச் சொட்டாக வைப்போம். மறுநாள் சொட்டு விழுந்த இடத்தில் கிருமி இல்லாமல் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால், அந்த வைரஸ் வேலை செய்கிறது என்று முதல் கட்டத்தில் எடுத்துக்கொள்வோம். அது முதல் கட்டம் மட்டுமே. ஏனென்றால் அந்த ஒரு சொட்டில் கோடிக்கணக்கான வைரஸ்கள் இருக்கும். அடுத்த நாள் அதே வைரஸைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்க்கச் செய்து வரிசையாக எட்டுத் துளி வைக்க வேண்டும். கடைசித் துளிகளில் நாலைந்து வைரஸ்தான் மிஞ்சும். அந்த நாலைந்தும் பெருகி, ஆளுக்கொரு சின்ன ஓட்டை போட்டிருந்தால்தான் அது உண்மையில் குட்டி போடுகிறது என்று அர்த்தம். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது.

கையிருப்பில் இருந்த இருபத்திரண்டு வைரஸ்களையும் வியாழக்கிழமை நீர்க்கச் செய்யாமல் சொட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தால் பதினான்காம் எண்ணில் மட்டும் வட்டமாக, துடைத்து வைத்ததுபோல் தெளிந்திருந்தது. மாமாவுக்கு அறுவை திங்கட்கிழமை என்று குறித்திருந்தார்கள். அதற்கு முன் ஏதாவது தெரிந்தால் நல்லது என்று ரகுபதி கேட்டிருந்தார்.

என்னோடு வேலை செய்யும் சுரேந்தர் திருச்சிப் பக்கத்து ஆள், வந்து மூன்று வருடமாகிறது. இங்கே யாரும் மேடம் போடுவதில்லை என்று எத்தனையோ தடவை சொல்லியும் கேட்காதவன். தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“டைல்யூஷன் போட்டுட்டு ரிசல்ட் அனுப்பலாமே மேடம்? நாளைக்கு சனிக்கிழமைதான், நான் வந்து போடறேன். ஞாயித்துக்கெழம தெரிஞ்சிடும்.”

“நீ ஸ்கூல் பை தூக்கிட்டிருந்தப்பவே நான் ப்ளேட் ஊத்திட்டிருந்தேன் லா. எனக்குச் சொல்லித் தர்றியா?”

அவன் முகம் சுருங்கியது. “இல்ல மேடம், சும்மா சொன்னேன்” என்று தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான். பதினொன்றரை மணிக்கு ரகுபதிக்கு அந்த ஒரு வரியை அனுப்பினேன். திங்கட்கிழமை அறுவையைத் தள்ளிவைத்தார்கள். கோப்பில் இருந்த அந்தத் தாளை மாமா நூருன்னிசாவிடம் படிக்கச் சொல்லிக் கேட்டு, போனில் படமெடுத்து வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை வைத்தியம் தொடங்கியது. நரம்பில் ஏற்றினார்கள், புண்ணைக் கழுவி அதன்மேலும் ஊற்றினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வார்டு முழுக்க மாமாவின் பேச்சுதான். தாதியிடம், பக்கத்துக் கட்டில் சீனக் கிழவரிடம், சாப்பாடு கொண்டுவரும் பெண்ணிடம், எல்லோரிடமும் “மை நீஸ் மேக் திஸ் மெடிசின்” என்றார். நான் செய்யவில்லை மாமா, அது சாக்கடைத் தண்ணீரிலிருந்து எடுத்த வைரஸ் என்றேன். “அதெல்லாம் வெளிய சொல்லாத புள்ள” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரம் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன், பெருமையாகவும் இருந்தேன்.

பத்தாம் நாள் காய்ச்சல் திரும்பியது. பன்னிரண்டாம் நாள் பாதத்தின் மேற்புறம் சிவந்து கணுக்கால்வரை வீங்கியது. சில பேருக்கு மெதுவாகத்தான் கேட்கும் என்று நான் நூருவிடம் சொன்னேன். என்னிடமும் அதையே சொல்லிக்கொண்டேன்.

பிறகு திங்கட்கிழமை வந்தது. சிகிச்சைக்காகச் சோதித்த ஒவ்வொரு கிருமியின் மரபணு முழுவதையும் படித்துப் பதிவில் வைப்பது எங்கள் வழக்கம், அது சுரேந்தரின் வேலை. மாமாவின் கிருமியைப் படித்த விவரம் அன்றைக்குத்தான் வந்தது. அவன் என் மேசைக்கு வரவில்லை, தன் இடத்திலிருந்தே கூப்பிட்டான்.

“மேடம், ஒரு நிமிஷம் வர்றீங்களா?”

திரையில் ஒரு புரதத்தின் படம் இருந்தது. மென்பொருள் அதற்கு ‘வேலை தெரியாத புரதம்’ என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்திருந்தது. பாக்டீரியாவில் அப்படிப் பெயரிடப்பட்டவை ஆயிரக்கணக்கில் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுரேந்தர் திரும்பிப் பார்த்திருக்கிறான். அது எப்படி மடியும் என்று கணக்குப் போட்டு வடிவத்தை எடுத்திருந்தான்.

புரதம் என்பதை அடுக்குக் கேரியர்போல் நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அடுக்கும் தனியாக மடிந்து, தனக்கென்று ஒரு வேலை வைத்திருக்கும். அந்த அடுக்கைத்தான் நாங்கள் டொமைன் என்கிறோம். ஒரு புரதத்தில் இருக்கும் அடுக்கு வேறொரு புரதத்திலும் வந்து பொருந்தியிருக்கும். இந்தப் புரதத்துக்கு இரண்டு அடுக்கு. ஒன்று வைரஸ் உள்ளே நுழைந்ததை உணர்வது. இன்னொன்றைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. அது டி.ஐ.ஆர். என்னும் டொமைன். செடிகளில் உண்டு, நம் நரம்புகளில் உண்டு, பாக்டீரியாவிலும் உண்டு. உயிரணு மூச்சு விடத் தேவையான ஒரு சின்னப் பொருளை அது கண்டபடி வெட்டித் தள்ளிவிடும். வைரஸ் வந்தது என்று முதல் அடுக்கு சொன்னதும் இரண்டாவது அடுக்கு வெட்ட ஆரம்பிக்கும், உயிரணு தானே செத்துப்போகும். உள்ளே வந்த வைரஸ் குட்டி போடுவதற்குள் வீடே இடிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் கிருமிகள் பிழைத்துக்கொள்ளும்.

மாநாடுகளில் இதைப் பாக்டீரியாவின் தியாகம் என்று படம் போட்டுப் பேசுவார்கள், கேட்டவர்கள் உருகுவார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஓர் அடுக்கு உணர்கிறது, ஓர் அடுக்கு வெட்டுகிறது, இதில் தியாகம் எங்கே வந்தது? ஆனால் அன்றைக்கு எரிச்சல்படக்கூட எனக்கு வலுவில்லை. பதினான்காம் எண் துளியில் நான் பார்த்த தெளிந்த வட்டம் என்னவென்று புரிந்துவிட்டது. கோடிக்கணக்கான வைரஸை ஒரே இடத்தில் கொட்டினேன். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு வைரஸ் கிடைத்தது. எல்லாக் கிருமிகளும் தாமே செத்தன. வைரஸ் வெல்லவே இல்லை, ஒரு குட்டிகூடப் போடவில்லை. புண்ணின்மேல் ஊற்றியதில் கொஞ்சம் கிருமி செத்துக் காய்ச்சல் இறங்கியிருக்கும், ஆனால் மாமாவின் எலும்புக்குள் அத்தனை கோடி வைரஸ் போய்ச் சேராது. சேர்ந்த கொஞ்சமும் ஆளுக்கொரு கிருமியோடு செத்துத் தீர்ந்திருக்கும்.

‘நான் அன்றைக்கே சொன்னேனே’ என்று சுரேந்தர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “இப்ப டைல்யூஷன் போட்டு வைக்கட்டுமா மேடம்?” என்று மட்டும் கேட்டான்.

“நான் போடறேன்” என்றேன். எட்டுத் துளி வைத்தேன். மூன்றாவது துளி நீண்டு வழிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் துளி தெளிந்திருந்தது. இரண்டாவது மங்கலாக இருந்தது. மற்ற ஆறிலும் கிருமி ஒன்றும் நடக்காததுபோல் வளர்ந்திருந்தது. ஓர் ஓட்டைகூட இல்லை. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பதினாறு நாளுக்கு முன் இதைப் பார்த்திருந்தால் மாமாவுக்குக் குதிகால் இருந்திருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு கேலாங் ஈஸ்ட்டில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அது பயம். அதற்கு வேறு பெயர் கிடையாது.

புதன்கிழமை பத்து மணிக்கு நூரு போன் செய்தாள்.

“லாத்தா, கிருமி ரத்தத்துல கலந்துருச்சாம். முட்டிக்குக் கீழ எடுக்கணும்கிறாங்க, நாளைக்கே. இல்லாட்டி உயிருக்கே ஆபத்தாம். வாப்பா மாட்டேங்கிறாங்க. கையெழுத்து போட மாட்டாங்களாம். ஹஸீனா மருந்து வேல செய்யும், அவ வந்து சொன்னாத்தான் கேப்பேன்னு ஒரே புடிவாதம். நீங்க வாங்களேன்.”

வருகிறேன் என்றேன். முதலில் ரகுபதியைக் கூப்பிட்டேன். டி.ஐ.ஆர். டொமைனைப் பற்றிச் சொன்னேன், எட்டுத் துளியைப் பற்றிச் சொன்னேன், இரண்டாம் கட்டத்தைச் செய்யாமல் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன்.

“இன்னொண்ணு டாக்டர். அவர் என் சொந்த மாமா.”

“வார்டுல அவர் ‘மை நீஸ்’னு சொன்னது உங்களத்தானா? அத நீங்க மொதல்லயே சொல்லியிருக்கணும் ஹஸீனா.” குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம். “எல்லாத்தையும் எழுத்துல அனுப்புங்க. உங்க டைரக்டருக்கும் ஒரு காப்பி. உங்க மாமாகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?”

“நானே சொல்றேன்.”

“இன்னிக்கே சொல்லணும். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் ரெடியா இருக்கும்.”

நூரு சிராங்கூன் ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். அரைநாள் போட்டுவிட்டு என்னோடு மருத்துவமனைக்கு வருவதாகச் சொல்லியிருந்ததால் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கிக் கடைக்குப் போனேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், காய்கறிக்கடை லாரி பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த இரைச்சலுக்கு நடுவில், அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அங்கிருந்த காலி வெங்காயப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப அன்னிக்கே வெரல எடுத்திருந்தா...”

“ஆமா நூரு.”

அவள் வெகுநேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். “வாப்பாகிட்ட இத சொல்லாதீங்க லாத்தா. மருந்து வேல செய்யல, வெட்டித்தான் ஆகணும்னு மட்டும் சொல்லுங்க. அது பொய்யில்லையே? நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு தெரிஞ்சா அவங்க ஒடஞ்சிருவாங்க. நீங்கன்னா அவங்களுக்கு உசிரு.”

“உனக்கு என்மேல கோவம் இல்லையா?”

“இருக்கு. நெறய இருக்கு. அத அப்புறம் பாத்துக்கலாம். இப்ப அவங்க கையெழுத்துப் போடணும்.”

ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, எனக்கு வசதியும் இருந்தது. வசதியாக இருந்ததே எனக்கு உறுத்தியது. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மாமா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாளில் முகம் பாதியாகியிருந்தது. கால் வெள்ளைத் துணிக்குள் தலையணைமேல் இருந்தது, அறை முழுவதும் அந்த வாடை. என்னைக் கண்டதும் கண் மலர்ந்தது.

“வந்துட்டியா புள்ள. சொல்லு இவங்ககிட்ட. கத்தியத் தூக்கிட்டு நிக்கிறானுங்க.”

“மாமா, மருந்து வேல செய்யல. டாக்டர் சொல்றபடி செஞ்சிருங்க.” சொல்லிவிட்டேன். நூரு என் பின்னால் மூச்சு விடுவது கேட்டது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “மொதல்ல கேட்டுச்சே? காய்ச்சல் எறங்குச்சுல்ல? பத்தல போல. ரெண்டு மடங்கு போடச் சொல்லு.”

“கூட்டினாலும் கேக்காது மாமா.”

“ஏன் கேக்காது?”

எப்போதும் இப்படித்தான். டாக்ஸியில் ஏறும் பேராசிரியர்களைக்கூட ஏன், எதற்கு என்று குடைந்துவிட்டுத்தான் இறக்கிவிடுவார். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். “இந்தக் கிருமிக்குள்ள ஒரு புரதம் இருக்கு. வைரஸ் உள்ள வந்தது தெரிஞ்சதும் கிருமிய அதுவே கொன்னுடும். வைரஸும் உள்ளேயே மாட்டிக்கிட்டுப் போயிடும், குட்டி போடாது. பக்கத்துல இருக்குற கிருமியெல்லாம் தப்பிச்சிக்கும்.”

மாமா தலையணைக்குக் கீழே கைவிட்டுப் போனை எடுத்தார். தேடிப் பிடித்து அந்தப் படத்தை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்து அதில் பெரிதாகத் தெரிந்தது.

“அழியுதுன்னு எழுதியிருக்கியே.”

“தட்டுல அழிஞ்சிச்சு மாமா.”

“அப்புறம்?”

பின்னால் நூரு “வாப்பா, அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றாள். மாமா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடம் கண்ணாடியில் பின்சீட்டு முகங்களைப் பார்த்தவரிடம் எதை மறைப்பது? எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அது இன்னும் அவமானமாக இருந்தது.

“எப்படி அழிஞ்சிச்சுன்னு நான் பாக்கல. அதுக்கு ரெண்டாவது டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ரெண்டு நாள் ஆகும். நான் அதச் செய்யாம எழுதிக் குடுத்துட்டேன். சுரேந்தர்னு கூட வேல பாக்குற தம்பி சொன்னான், நான் கேக்கல.”

“டாக்டருங்க அவசரப்படுத்துனாங்களா?”

ஆமாம் என்றிருக்கலாம். திங்கட்கிழமைக்கு முன் தெரிந்தால் நல்லது என்று ரகுபதி கேட்டது உண்மைதான். மாமா எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பது தெரிந்தது.

“இல்ல மாமா. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டிருந்தா பொறுத்திருப்பாரு. நான் கேக்கல. எனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

ஜன்னலுக்கு வெளியே கிரேன் ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

“அன்னிக்கே முன்னாடி மட்டும் எடுத்திருந்தா, குதிகால் இருந்திருக்குமா?”

நூரு என் தோளைப் பிடித்தாள். அவள் நகம் சட்டைக்கு மேலேயே பதிந்தது. இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது மாமா, அப்பவும் கிருமி மேல ஏறியிருக்கலாம் என்று ஒரு வாக்கியம் எனக்குத் தயாராக இருந்தது. எந்த மருத்துவரும் அதை மறுக்க மாட்டார். நான் வாயைத் திறந்தேன். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

“இருந்திருக்கும்.”

மாமா தலையை ஆட்டினார். கோபப்படவில்லை, அழவில்லை. போனை அணைத்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். வைத்துவிட்டு நூருவைக் கூப்பிட்டார்.

“அந்த டாக்டர வரச் சொல்லு. கையெழுத்துப் போட்டுர்றேன்.”

நூரு வெளியே ஓடினாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதை நான் விவரிக்கப் போவதில்லை. நான் மாமாவின் கையைப் பிடித்தேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் கை என் கையைத் திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

“மாமா...”

“நாளைக்கு வராத புள்ள.” மெதுவாகத்தான் சொன்னார். “கோவமில்லேன்னு ஒங்கிட்ட சொல்லணும். அதுக்கு இப்ப எனக்குத் தெம்பு இல்ல. நீ மூஞ்சிய வச்சிக்கிட்டு எதிர்ல நின்னா நான் சொல்லித்தான் ஆகணும். வராத.”

சரி மாமா என்று எழுந்து வந்தேன். அன்று மாலையே ரகுபதிக்கும் எங்கள் தலைவருக்கும் மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். என்ன நடந்தது, யார் செய்தது, எந்தத் தேதியில் செய்தது என்று. சுரேந்தர் எச்சரித்ததையும் நான் அவனிடம் பேசிய பேச்சையும் அப்படியே எழுதினேன். வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. இதை வீரமாகச் சொல்லவில்லை, அந்த நேரம் வேறு எதுவுமே தோன்றவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு நான் மருத்துவமனைக்குப் போகவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டேன், வாழ்க்கையில் அபூர்வமாகச் செய்த காரியம். சாப்பாட்டு மேசையில் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. கீழே பள்ளிப் பேருந்து வந்து போனது. சுரேந்தர் ஏதோ அனுப்பியிருந்தான், திறந்து பார்க்கவில்லை. பன்னிரண்டே கால் மணிக்கு நூருவின் செய்தி வந்தது. முந்தைய நாளுக்குப் பிறகு அவள் எனக்கு எழுதிய முதல் வார்த்தைகள் அவை.

‘முடிஞ்சிருச்சு. முட்டிக்குக் கீழ. ரத்தத்துல இருந்த கிருமி அடங்கிடும்கிறாங்க. வாப்பா கண்ணு முழிச்சாங்க. ஹஸீனா வந்திருக்காளான்னு கேட்டாங்க. இல்லேன்னேன். வாசல்லயாவது நிக்கிறாளா, போய்ப் பாருன்னாங்க. போய்ப் பாத்தேன். இல்ல வாப்பான்னு வந்து சொன்னேன்.’